உப்புத் தண்ணிக்கு உப்பு

டிஷ்வாஷர் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது என்பவர்கள் ஒரு ரகம். அதன் தலைமேல் வெங்காயக் கூடை வைத்திருப்பவர்கள் இன்னொரு ரகம். நீங்கள் இரண்டாவது ரகம் என்றால், கூடையைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். முதல் ரகமாக இருந்தாலும் படியுங்கள், பக்கத்து வீட்டுக்கு ஆகும். இரண்டும் இல்லை, இன்னும் பொடக்காளியில் குத்தவைத்து உட்கார்ந்து தேங்காய் நாரால்தான் போசி தேய்க்கிறேன் என்கிறீர்களா? உங்களுக்கு ஒரு கும்பிடு. நீங்கள் அவசியம் கடைசி வரை படிக்க வேண்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது ஞாபகம் இருக்கும். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வர முடியவில்லை. வீட்டில் இருந்த அத்தனை பேரும் மூன்று வேளையும் வீட்டிலேயே சாப்பிட்டார்கள். நடுவில் இரண்டு டீ, ஒரு டல்கோனா காப்பி. ஸிங்க் நிறைய நிறைய, அதுவரை பாத்திரம் என்பது தானாகச் சுத்தமாகி அலமாரிக்குப் போகிற பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆண்களுக்கெல்லாம் ஞானம் பிறந்தது. ஞானம் பிறந்த கையோடு டிஷ்வாஷர் ஆர்டர் செய்தார்கள். அதுவரை நம் ஊர்க் கடைகளில் ஒரு மூலையில் நின்ற சாமானுக்கு அந்த வருஷம்தான் கிராக்கி வந்தது.

ஆனால் இதைக் கண்டுபிடித்தது பொம்பளைதான். ஜோசஃபின் காக்ரேன் என்கிற அமெரிக்க அம்மணி. வேலைக்காரர்கள் கழுவும்போது தன் பீங்கான் தட்டுகளின் ஓரம் உடைகிறது என்று அவருக்குக் கோபம். கணவர் கடனை வைத்துவிட்டு இறந்த பிறகு கோபத்தோடு தேவையும் சேர்ந்துகொண்டது. 1886 டிசம்பரில் பேட்டன்ட் வாங்கினார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் மெஷின்களை வைத்துக் கழுவிக் காட்டினார். முதலில் வாங்கியது வீடுகள் இல்லை, பெரிய ஓட்டல்கள். வீடுகளில் அதற்கேற்ற சுடுதண்ணி வசதி அன்றைக்குக் கிடையாது. கவனியுங்கள், அப்போதே பிரச்னை மெஷினில் இல்லை. தண்ணியில்.

நம் ஊர்க்கதையும் அதேதான்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு மெஷின் என்றால் பயம் கிடையாது. 1937-லேயே இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்த ஜி.டி.நாயுடு பிறந்த மண். பம்ப்செட்டுக்கும் கிரைண்டருக்கும் நாடு முழுக்க நம்மைத்தான் கேட்பார்கள். கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. டிஷ்வாஷருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் அதே சங்கதிதான். தண்ணியைச் சுழற்றி அடிக்க ஒரு பம்ப், அழுக்குத் தண்ணியை வெளியே தள்ள இன்னொரு பம்ப், ஒரு ஹீட்டர், மேலே ஒன்று கீழே ஒன்று சுற்றுகிற ஓட்டை போட்ட இரண்டு விசிறிக் கைகள். நம்ம ஊர் மோட்டார் மெக்கானிக் பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தால், "இவ்வளவுதானுங்களா?" என்பார்.

அப்புறம் ஏன் வெங்காயக் கூடை?

என் பெரியம்மா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. சூலூரைத் தாண்டிப் பல்லடம் போகிற வழியில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. பெரியம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. பெரியப்பா போன பிறகு தனியாக இருக்கிறார். முடக்கு வாதத்தில் இரண்டு கை விரல்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. டம்ளரைப் பிடித்தால் நழுவும். குக்கர் மூடியைத் திறக்கப் பக்கத்துத் தோட்டத்துப் பையனைக் கூப்பிட வேண்டும். காலையில் ஓர் அக்கா வந்து பாத்திரம் தேய்த்து, வாசல் கூட்டிவிட்டுப் போவார். ராத்திரிப் பாத்திரமும் ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரமும் பெரியம்மா பாடு.

அமெரிக்காவில் இருக்கிற மகன் ஃபோன் செய்யும்போதெல்லாம் ஒரே பாட்டு. "ஒண்ணு இங்க வந்துரு. இல்லாட்டி கோயமுத்தூர்ல வயசானவங்களுக்குன்னே நல்ல நல்ல வில்லா கட்டி வெச்சிருக்கறாங்க, அங்க போயிரு. ஒரு போசியப் புடிக்க முடியலைன்னா எப்படித் தனியா இருப்ப?" அவன் கேட்டதிலும் தப்பு இல்லை. பெரியம்மா, "நான் இந்தத் தோட்டத்த உட்டுப்போட்டு எங்கயும் வரமாட்டேன்" என்றதிலும் தப்பு இல்லை. சண்டைக்கு நடுவே சமாதானமாக வந்ததுதான் டிஷ்வாஷர். இதை வைத்து ஓட்டினால் தோட்டத்தில் இருக்கலாம், இல்லாவிட்டால் வில்லா என்று பேச்சு.

மூன்று மாதத்தில் டம்ளரெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிட்டது. தட்டில் பருக்கை. அடியில் தண்ணி தேக்கம். பார்க்க வந்த தம்பி (எந்தக் கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம்), "உங்க ஊர்த் தண்ணிக்கு இது ஆகாதுங்க ஆன்ட்டி" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெங்காயக் கூடை ஏறியது. வில்லாவின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது.

அப்போதுதான் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, நீதான் எதையாச்சும் பிரிச்சுப் பார்த்துட்டே இருப்பயே. வந்து பாரு."

போனேன். அங்கே பார்த்ததைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன். பத்தில் எட்டு வீட்டு மெஷின் இதே காரணங்களுக்காகத்தான் நிற்கிறது என்று என் அனுபவம் சொல்கிறது.

முதல் சங்கதி, தண்ணி. கோயமுத்தூர் நகரத்துக்குள் இருப்பவர்களுக்குச் சிறுவாணித் தண்ணி மேல் இருக்கிற கர்வம் உங்களுக்குத் தெரியும். உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணி என்பார்கள். முதலாவது எது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். கர்வத்தில் நியாயம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைத் தண்ணி, அணையில் தேங்கி நேரே குழாய்க்கு வருகிறது. கல்லோடும் மண்ணோடும் அதிகம் பழகாத தண்ணி. அதனால் மெதுவான தண்ணி, சோப்புப் போட்டால் நுரைத்துத் தள்ளும். ஆனால் ஊருக்கு வெளியே வந்தால் கதை வேறு. எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று பாறையைக் குடைந்து எடுக்கிற போர் தண்ணி. பல வருஷம் பாறையோடு உறவாடியதில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து கிடக்கும். இதைத்தான் நாம் உப்புத் தண்ணி என்கிறோம். சூடு செய்தால் அது பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். உங்கள் வீட்டு ஹீட்டர் காயிலைக் கழற்றிப் பாருங்கள், சுண்ணாம்புக் குச்சிபோல் இருக்கும்.

குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மெஷினோடு வந்த பரிசோதனைப் பட்டை ஒன்று பெரியம்மா வீட்டில் பிரிக்காமலே கிடந்தது. போர் தண்ணியில் நனைத்துப் பார்த்தேன். 500-ஐ ஒட்டிக் காட்டியது.

பட்டை இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். ஒரு பாட்டிலில் பாதி தண்ணி ஊற்றி, கொஞ்சம் குளியல் சோப்பைத் துருவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் மெதுவான தண்ணி. நுரை வராமல் தயிர் திரிந்ததுபோல் மிதந்தால் கடினத் தண்ணி. பாத்திரம் தேய்க்கிற திரவத்தை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அது உப்புத் தண்ணியிலும் நுரைத்து உங்களை ஏமாற்றும். ஆர்.ஓ. மெஷின்காரர் நீட்டுகிற டி.டி.எஸ். மீட்டரும் இதற்குப் போதாது. அது தண்ணியில் கரைந்திருக்கிற எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும். நமக்கு வேண்டியது கால்சியம், மெக்னீசியம் கணக்கு மட்டும்.

சரி, கடினத் தண்ணி. மெஷின் ஆகாதா? ஆகும். அதற்கென்றே மெஷினின் அடிவயிற்றில் ஒரு குடுவை இருக்கிறது. கீழ்த் தட்டை வெளியே எடுத்தால் திருகு மூடி தெரியும். பெரியம்மா வீட்டில் அந்த மூடியை வாங்கிய நாளிலிருந்து யாரும் திறக்கவே இல்லை. அதில் உப்புப் போட வேண்டும் என்றேன்.

பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உப்புத் தண்ணிக்கு உப்பப் போடச் சொல்றயே, உனக்கு ஏதாச்சும் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

நியாயமான கேள்வி. பதில் இதுதான். குடுவைக்குப் பக்கத்தில் ரெசின் என்கிற சின்னச் சின்ன மணிகள் இருக்கின்றன. தண்ணி அதன் வழியாகப் போகும்போது, மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு தன்னிடம் இருக்கிற சோடியத்தைக் கொடுக்கும். சந்தையில் ராகியைக் கொடுத்துப் பருப்பு வாங்குகிற மாதிரி. சோடியம் பாத்திரத்தில் வெள்ளையாகக் கெட்டிதட்டாது. கொஞ்ச நாளில் மணிகளிடம் சோடியம் தீர்ந்துவிடும். அப்போது உப்புக் கரைசல் வந்து மணிகளை அலசி, பிடித்து வைத்த கால்சியத்தை வெளியே தள்ளி, மறுபடி சோடியத்தை ஏற்றிவிடும். ஆக, உப்பு போவது உங்கள் டம்ளருக்கு இல்லை, மணிகளுக்கு.

சமையல் உப்பைப் போடக் கூடாது. தூளாக இருப்பதால் கட்டிபட்டு அடைக்கும், கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கிற சாமானும் அதில் இருக்கும். கல்லுப்பும் வேண்டாம். அதிலேயே கால்சியமும் மெக்னீசியமும் மண்ணும் கலந்திருக்கும், திருடனைப் பிடிக்கத் திருடனை அனுப்புகிற கதை. டிஷ்வாஷர் உப்பு என்றே தனியாக விற்கிறது. முதல் தடவை மட்டும் குடுவையில் தண்ணி ஊற்றிவிட்டு உப்பைக் கொட்டுங்கள். கொட்டிய உடனே மெஷினை ஓட்டிவிடுங்கள். வெளியே சிந்திய உப்பு ஸ்டீலில் தங்கினால் துரு பிடிக்கும். அப்புறம், உங்கள் தண்ணி எவ்வளவு கடினம் என்று மெஷினுக்குச் சொல்ல ஓர் அளவு இருக்கும், கையேட்டைப் பார்த்து அதை மாற்றுங்கள். எல்லாம் சேர்ந்த மாத்திரை ஒன்று விற்கிறது. கடினம் கூடின போர் தண்ணிக்கு அது மட்டும் போதாது, உப்பும் வேண்டும்.

சிறுவாணி வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஓடிப்போய் உப்பு வாங்க வேண்டாம். உங்களுக்கு அந்த அளவைப் பூஜ்யத்திலேயோ ஒன்றிலேயோ வைத்தால் போதும். மாத்திரையையும் குறைக்கலாம். மிக மெதுவான தண்ணி, அதிகமான சோப்பு, அதிகமான சூடு மூன்றும் சேர்ந்தால் கண்ணாடி டம்ளர் நிரந்தரமாக மங்கிவிடும். உங்கள் டம்ளரில் இருப்பது படிவா, தேய்மானமா என்று தெரிந்துகொள்ள, எலுமிச்சை மூடியால் ஒரு தேய்ப்புத் தேயுங்கள். போய்விட்டால் அது சுண்ணாம்பு, உப்புப் போட்டால் தீரும். போகாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது, இனி அதில் பேனா போட்டு வையுங்கள்.

இரண்டாவது சங்கதி, பருக்கை. மெஷினின் அடியில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. திருகி எடுத்தால் கையோடு வரும். பெரியம்மா வீட்டு ஃபில்டரில் கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, ஒரு நிலக்கடலைத் தோல், பாக்கெட்டிலிருந்து பிய்ந்த பிளாஸ்டிக் துண்டு எல்லாம் குடியிருந்தன. நம் சமையலில் தாளிப்பு உண்டு, ஆகவே வாரம் ஒரு முறையாவது ஃபில்டரைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தே ஆக வேண்டும். விசிறிக் கைகளையும் கழற்றி ஓட்டைகளைப் பாருங்கள். கடுகு உட்கார்ந்திருந்தால் பல்குச்சியால் குத்தி எடுங்கள். மாட்டியதும் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நீட்டமான கரண்டி கீழே தொங்கி விசிறியை மறித்தால், மேல் தட்டுக்குத் தண்ணியே போகாது. மெஷின் ஓடும், பாத்திரம் அப்படியே இருக்கும்.

இங்கே ஒரு விஷயம். பாத்திரத்தைக் கழுவிவிட்டு மெஷினில் வைக்காதீர்கள். கழுவுவதற்குத்தானே மெஷின்? எச்சில், எலும்பு, கறிவேப்பிலையை வழித்துக் கொட்டினால் போதும். மெஷினின் சோப்பில் இருக்கிற என்ஸைம்களுக்கு மாவும் புரதமும்தான் தீனி. அரிசியும் பருப்பும் சாதம் வடித்த குண்டாவை அது ஆசையாகத் தின்னும். களி கிண்டிய போசியின் அடியில் காய்ந்து பிடித்திருப்பதை மட்டும் கொஞ்சம் ஊறவைத்துச் சுரண்டிவிட்டு, எழுபது டிகிரி புரோகிராமில் போடுங்கள்.

மூன்றாவது, தண்ணி தேங்கி நிற்பது. ஓடி முடிந்த பிறகும் அடியில் அழுக்குத் தண்ணி நின்றால், முதலில் ஃபில்டர். அது சுத்தமாக இருந்தால் பின்பக்கம் போகிற வடிகால் குழாய். மெஷினைச் சுவரோடு தள்ளும்போது குழாய் மடிந்துவிடும். பெரியம்மா வீட்டில் அதேதான், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது. அரை அடி முன்னால் இழுத்ததும் குபுகுபுவென்று போயிற்று. அதுவும் சரி என்றால், வடிகால் பம்ப்பில் கண்ணாடித் துண்டோ எலுமிச்சை விதையோ சிக்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணியை மொண்டு எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கண்ணாடி இருக்கலாம், வெறுங்கையால் துழாவாதீர்கள். இதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் தப்பில்லை.

நான்காவது, தண்ணியே வராமல் மெஷின் முனகிக்கொண்டு நிற்பது. குழாய் மூடியிருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், பல வீட்டில் அதுதான். அடுத்து, தண்ணி உள்ளே நுழைகிற இடத்தில் சின்ன வலை இருக்கும், போர் மணல் அதை அடைக்கும். அடுத்து, அழுத்தம். பத்து மீட்டர் உயரத் தண்ணி ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். மெஷினுக்குப் பொதுவாக 0.3 முதல் 0.5 பார் வேண்டும். அதாவது மேல்தொட்டி குழாயைவிட மூன்றிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பாத்ரூம் கூரைமேல் தொட்டி வைத்திருக்கிற வீடுகளில் இது இழுபறியாகும். உங்கள் மெஷினின் கையேட்டில் எத்தனை பார் என்று பார்த்துவிட்டுத் தொட்டியை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் சின்னப் பிரஷர் பம்ப் வையுங்கள். பம்ப்புக்கு நம்ம ஊரில் பஞ்சமா?

ஐந்தாவது, நுரை பொங்கி வெளியே வருவது. யாரோ ஸிங்க்கில் இருக்கிற பாத்திரத் திரவத்தை ஊற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். நுரையை வழித்து எடுத்துவிட்டு, வெறும் தண்ணியில் அலசுகிற புரோகிராமை இரண்டு முறை ஓட்டுங்கள்.

ஆறாவது, காயவில்லை என்கிற புகார். ஸ்டீல் காயும், பீங்கான் காயும், பிளாஸ்டிக் டப்பா காயாது. சூட்டைப் பிடித்து வைக்கிற சாமான்தான் தன்மேல் இருக்கிற ஈரத்தை ஆவியாக்கும். பிளாஸ்டிக் சீக்கிரம் ஆறிவிடும். ரின்ஸ் எய்டு என்கிற திரவத்தை அதற்குரிய பொந்தில் ஊற்றுங்கள். தண்ணி முத்து முத்தாக நிற்காமல் வழிந்துவிடும். முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

ஏழாவது, போடக் கூடாத சாமான். அலுமினியம் கறுத்துவிடும், ஆகவே அலுமினிய இட்லித் தட்டும் குக்கரும் வேண்டாம். இரும்புத் தோசைக்கல் போட்டால் வருஷக்கணக்கில் பழக்கிய எண்ணெய்ப் பதம் போய்த் துரு ஏறும். பித்தளை, செம்பு, ஈயம் பூசியது, மரக் கரண்டி, கொட்டாங்குச்சி அகப்பை, சந்தகை பிழிகிற மர அச்சு எல்லாம் கைதான். பூட்டி சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைக் குண்டாவை மெஷினில் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

கடைசியாகக் கரன்ட். ஹீட்டர் இரண்டாயிரம் வாட்ஸ் சுமார் இழுக்கும். எர்த் உள்ள 16 ஆம்ப் பிளக் வேண்டும், எக்ஸ்டென்ஷன் கயிறு கூடாது. நடுவில் கரன்ட் போனால் பதறாதீர்கள். பெரும்பாலான மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இதெல்லாம் செய்ய எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. சாயந்திரம் முதல் தட்டு வெளியே வந்தது. பெரியம்மா ஒரு டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். அன்று ராத்திரி மகன் ஃபோனில் வில்லா பேச்சை எடுத்ததும், "உப்பு வாங்கி அனுப்பு, அது போதும்" என்று வைத்துவிட்டார்.

ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் இன்னொருவரும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா. இருபது வருஷமாக வருகிறவர். மெஷின் வெங்காயக் கூடை தாங்கிக்கொண்டிருந்த வரை அவருக்கு நிம்மதி. அது ஓட ஆரம்பித்ததும் முகம் சுருங்கிவிட்டது. கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார். "மெசினு வந்தா எனக்குச் சோலி இல்லைங்களா அம்மிணி?"

டிஷ்வாஷர் வாங்கப்போகிற உங்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும். மெஷின் தானாக எதையும் எடுத்து அடுக்காது. வழித்துக் கொட்டி, அடுக்கி, உப்புப் போட்டு, ஃபில்டர் கழுவி, எடுத்து வைக்க ஆள் வேண்டும். பெரியம்மாவின் விரலுக்கு இதில் பாதி ஆகாது. சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைக்காமல், மெஷின் வேலையை அந்த அக்காவிடமே ஒப்படைக்கச் சொன்னேன். பெரியம்மா கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுச் சரி என்றார். பொத்தான்களில் எல்லாம் இங்கிலீஷ். அக்கா தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் தினசரி ஓட்டுகிற பொத்தானில் ஒட்டிவிட்டார். மறுநாள் பச்சைப் பொட்டு ஒன்று கொண்டுவந்து அடிப்பிடித்த பாத்திரத்துக்கான பொத்தானில் ஒட்டினார். இனிக் குத்தவைத்து உட்கார வேண்டாம் என்பதில் அவர் முழங்காலுக்கும் சந்தோஷம்தான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த வீட்டுப் பொடக்காளித் திட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளர் எப்போதும் தனியாகக் கவிழ்த்து இருக்கும். அக்கா காப்பி குடிக்கிற டம்ளர். குடித்து முடித்ததும் அவரே கழுவி, அவரே கவிழ்த்து வைப்பார். வீட்டுக்காரர்களின் பாத்திரம் முழுவதையும் அவர்தான் தேய்ப்பார், அவர் டம்ளர் மட்டும் உள்ளே வராது. எதற்கு என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. நம் பக்கத்தில் டீக்கடையில் இருந்தால் அதை இரட்டைக் குவளை என்று எழுதிப் போராடுவார்கள். வீட்டுத் திட்டில் இருந்தால் அதற்குப் பெயரே கிடையாது.

ஒரு மாதம் கழித்துப் போயிருந்தேன். ஒறம்பரை வந்து போன மறுநாள். அக்கா அடுக்கிக்கொண்டிருந்தார். மேல் தட்டில் ஓரிடம் காலியாக இருந்தது. மெஷின் நிறையாமல் ஓட்டினால் தண்ணியும் கரன்ட்டும் தண்டம் என்று நான் சொல்லிவைத்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா சொன்னார்.

"அந்தத் திட்டுல ஒரு டம்ளர் கெடக்குதல்லோ. அதையும் எடுத்து வெய்யி."

அக்கா கையில் இருந்த தட்டோடு அப்படியே நின்றார். "அதுங்களா?"

"அதுதான். எடம் காலியாத்தானே இருக்குது."

கதவு மூடியது. சிவப்புப் பொட்டு. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது எட்டு டம்ளரும் ஒரே சூட்டில், ஒரே பளபளப்பில் இருந்தன. எல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி டம்ளர். எது தன்னுடையது என்று அக்காவுக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதா இருந்தா என்ன? ஒண்ணெடுத்துக் காப்பிய ஊத்திக் குடி. ஆறிப்போகுது" என்றார் பெரியம்மா.

பெரியம்மா ஒரே நாளில் மாறிவிட்டார் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் எழுத மாட்டேன். அவர் இன்னும் முன்னறையில்தான் காப்பி குடிக்கிறார், அக்கா பின்வாசல் படியில்தான் உட்காருகிறார். அது மெஷின் செய்கிற வேலை இல்லை, மனுஷர்கள் செய்ய வேண்டியது. அந்தப் படிக்கும் முன்னறைக்கும் நடுவே பத்தடி தூரம்தான் இருக்கிறது.

ஆனால் திட்டில் இப்போது டம்ளர் இல்லை. அந்த இடத்தில் உப்பு டப்பா இருக்கிறது.